மதுரையில ஆர்கானிக் காய், அரிசி எங்க வாங்கறது, எப்படி நம்பறது?

சகோதரி, நீங்க கேட்டிருக்கறது ரெண்டு கேள்வி. சென்னைலருந்து மதுரைக்கு குடி வந்திருக்கீங்க, வீட்ல சின்னப் பிள்ளைங்க, ஆர்கானிக் காய்கறி அரிசி இங்க எங்க கிடைக்கும்ங்கறது ஒண்ணு. போர்டு வச்சு ரெண்டு மடங்கு விலைக்கு விக்கறாங்களே, அது நிஜமாவே மருந்தடிக்காததான்னு எப்படி தெரிஞ்சுக்கறதுங்கறது இன்னொண்ணு. நான் இயற்கை விவசாயிங்ககிட்ட கொள்முதல் பண்ற வேலைல இருக்கறவன், அதனால ரெண்டாவது கேள்விலருந்து ஆரம்பிக்கறேன், அது தெளிவாயிட்டா கடை தேடறது சுலபமாயிரும்.

முதல்ல ஒரு விஷயம், காயைப் பாத்து ஆர்கானிக்னு யாராலயும் சொல்ல முடியாது, என்னாலயும் முடியாது. சொத்தை இருந்தா மருந்தடிக்காததுன்னு நிறைய பேர் நம்பறாங்க. கத்தரிக்காய்ல வர்ற காய்ப்புழு உள்ள துளைச்சுட்டு போய் உக்காந்துக்கும், வெளிய எவ்வளவு மருந்து அடிச்சாலும் அதுக்கு முழுசா போய் சேராது, அதனால வாரம் தவறாம மருந்து வாங்கின செடியிலயும் சொத்தைக்காய் வரும். சின்னதா கோணல்மாணலா இருந்தா இயற்கைன்னு சொல்றதும் அப்படித்தான், தண்ணி பத்தாத வயல்ல யூரியா போட்டாலும் காய் கோணலாத்தான் வரும். ருசி பெரும்பாலும் ரகத்தையும் பறிச்சு எத்தனை மணி நேரம் ஆச்சுங்கறதையும் பொறுத்தது.

அப்ப எதை வச்சு முடிவு பண்றது? யார் விளைவிச்சாங்கங்கறதை வச்சுத்தான். கடைக்குப் போய் "இது ஆர்கானிக்கா?"ன்னு கேட்டா "ஆமாங்க"ன்னு ஒரே பதில்தான் வரும். "இந்த வெண்டைக்காய் எந்த ஊர்லருந்து வந்துச்சு, யார் போட்டது, எத்தனை நாளைக்கு ஒரு தடவை பறிச்சு அனுப்புவாங்க"ன்னு கேளுங்க. சரியான கடைக்காரர் அலங்காநல்லூர் பக்கம் இன்னார் தோட்டம், இந்த வாரம் காய் கம்மி, அடுத்த வாரம் புடலை வரும்னு கடகடன்னு சொல்லுவார், நீங்க கேட்டா விவசாயியோட நம்பரைக்கூட குடுப்பார். "எங்க சப்ளையர் தர்றாங்க"ன்னு மட்டும் வந்தா அந்தக் கடைல பிஸ்கட் சோப்பு வாங்கிட்டு வந்துருங்க.

அடுத்தது கடையோட அலமாரியைப் பாருங்க. மழையோ வெயிலோ வருஷம் பூரா காலிஃபிளவர், கேரட், பீன்ஸ், தக்காளி எல்லாம் ஒரே சைஸ்ல நிரம்பி வழியுதுன்னா அது பெரும்பாலும் மாட்டுத்தாவணி மார்க்கெட் சரக்குதான், கவர் மட்டும் வேற. சமவெளில காலிஃபிளவர் கார்த்திகை மார்கழி குளிருக்கு நல்லா வரும், சித்திரைல மருந்தில்லாம சமவெளில எடுக்கறது ரொம்பக் கஷ்டம், அப்ப மலைலருந்துதான் வரணும், எந்த மலை எந்தத் தோட்டம்னு கேளுங்க. நல்ல இயற்கை அங்காடில பாதி நாள் கூடை காலியாத்தான் இருக்கும். ஒரு வாரம் முள்ளங்கி மட்டும் குவிஞ்சு கிடக்கும், அடுத்த வாரம் அவரைக்காய் மட்டும். இதை சலிப்பா நினைக்காதீங்க, அந்தக் கடை மேல நம்பிக்கை வைக்க அதுதான் முதல் காரணம்.

விவசாயியை நேர்ல பாக்கும்போது என்ன கேக்கறதுன்னு சொல்றேன், இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். "மருந்து அடிப்பீங்களா"ன்னு கேக்காதீங்க, அது சந்தேகப்படற கேள்வி, அவருக்கும் சங்கடம். "அடியுரம் என்ன போட்டீங்கய்யா"ன்னு ஆரம்பிங்க. நிஜமா பண்றவர் கிடை போட்டேன்னு சொல்லுவார், அதாவது ராமநாதபுரம் சிவகங்கை பக்கத்து கீதாரிங்க ஆட்டு மந்தையை ஓட்டிட்டு வந்து ராத்திரில வயல்ல அடைச்சு வைப்பாங்க, அந்தப் புழுக்கையும் மூத்திரமும்தான் உரம். இல்லேன்னா பலதானியம் விதைச்சு பூவெடுக்கும்போது மடக்கி உழுதேன், தக்கைப்பூண்டு, கொளுஞ்சி மாதிரி உரச்செடி போட்டு உழுதேன்னு வரும். அப்புறம் "களை எப்படி எடுக்கறீங்க"ன்னு கேளுங்க. பூச்சிமருந்தை விட்டவங்க கூட களைக்கொல்லியை விடறது கஷ்டம், ஏன்னா ஆள் கூலி அப்படி. அவர் கூலி எவ்வளவு ஆச்சுன்னு புலம்ப ஆரம்பிச்சா கைக்களைதான் எடுக்கறார். கடைசியா "கத்தரிக்கு புழு வந்தா என்ன பண்ணுவீங்க". "எங்க தோட்டத்துல பூச்சியே வராது"ங்கறவர்கிட்ட கொஞ்சம் ஜாக்கிரதை. "வேப்பங்கொட்டை கரைசல் அடிச்சேன், இஞ்சி பூண்டு மிளகாய் கரைசல் அடிச்சேன், நிக்கல, ரெண்டு பறிப்புக் காயை மாட்டுக்குத்தான் போட்டேன்"னு சொல்றவர்கிட்ட தாராளமா வாங்குங்க. தோட்டத்துக்கே கூப்பிட்டா ஒரு ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களோட போயிட்டு வாங்க, மோட்டார் ரூமையும் வரப்பு ஓரத்தையும் பாருங்க. காலி மருந்து டப்பா கிடந்தா தெரிஞ்சுரும். டப்பா லேபிள்ல முக்கோணம் இருக்கும், சிவப்புன்னா அதிக விஷம், அப்புறம் மஞ்சள், நீலம், பச்சைன்னு குறைஞ்சுட்டே வரும். பக்கத்து வயல்ல ஸ்ப்ரே அடிக்கறாங்களா, நடுவுல வரப்பு மரமோ உயிர்வேலியோ இருக்கான்னும் பாருங்க.

சர்டிஃபிகேட் பத்தி கேட்டிருந்தீங்க. பாக்கெட்ல வர்ற ஆர்கானிக் பொருளுக்கு 2017ல எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.ங்கற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொண்டு வந்த விதிமுறைப்படி சான்று வேணும், ஜைவிக் பாரத்னு ஒரு லோகோ இருக்கும். அந்தச் சான்று ரெண்டு வழியா வரும். ஒண்ணு என்.பி.ஓ.பி.ங்கற தேசிய ஆர்கானிக் திட்டம், இது அபேடாங்கற மத்திய அரசோட விவசாய ஏற்றுமதி அமைப்பு வழியா நடக்கறது, வெளியிலருந்து ஒரு நிறுவனம் வந்து தோட்டத்தை சோதிச்சு குடுக்கறது, இண்டியா ஆர்கானிக் லோகோ வரும். இந்த வேலையைச் செய்ய நம்ம மாநில அரசுக்கே கோயம்புத்தூர்ல தலைமை அலுவலகத்தோட அங்ககச் சான்றளிப்புத் துறை இருக்கு. இன்னொண்ணு பி.ஜி.எஸ்., குறைஞ்சது 5 விவசாயிங்க குழுவா சேந்து ஒருத்தர் தோட்டத்தை ஒருத்தர் சோதிச்சு உறுதி குடுக்கறது, செலவு ரொம்பக் கம்மி, சின்ன விவசாயிக்கு இதுதான் தோது. அதுல பி.ஜி.எஸ். கிரீன்னு போட்டிருந்தா இன்னும் மாறிட்டு இருக்கற நிலம்னு அர்த்தம், பி.ஜி.எஸ். ஆர்கானிக்னா மாறி முடிச்சாச்சு. என்.பி.ஓ.பி.ல ஒரு வருஷப் பயிருக்கு விதைக்கறதுக்கு முன்னாடி 2 வருஷம், மா தென்னை மாதிரி நீண்டகாலப் பயிருக்கு முதல் அறுவடைக்கு முன்னாடி 3 வருஷம் ரசாயனம் இல்லாம ஓட்டணும். போன வருஷம்தான் ஆரம்பிச்சேன், இன்னும் மாறிட்டு இருக்கேன்னு உண்மையைச் சொல்ற விவசாயி இருந்தா அவர்கிட்ட கண்டிப்பா வாங்குங்க, அவருக்கு அந்த ரெண்டு வருஷம்தான் மகசூல் விழற காலம், விலையும் கூட கிடைக்காது, நிறைய பேர் அங்கதான் விட்டுட்டு திரும்பப் போயிடறாங்க.

கடைல சான்றிதழை ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தா பக்கத்துல போய் படிங்க. யார் பேர்ல இருக்கு, எந்த வருஷம் வரைக்கும் செல்லும், எந்தப் பயிருக்கு, இந்த மூணும் அதுல இருக்கும். ஒரு கடைல பெரிசா மாட்டி வச்சிருந்த சான்றைப் படிச்சா தென்னையும் கோகோவும் மட்டும்தான் அதுல இருந்துச்சு, கீழ கூடைல கேரட்டும் கோஸும் வித்துட்டு இருந்தாங்க. அதே சமயம் சந்தைல உக்காந்து தன் காயை தானே விக்கற விவசாயிகிட்ட சான்று எங்கன்னு கேட்டு மடக்காதீங்க, நேரடியா சாப்பிடறவங்களுக்கு விக்கற சின்ன உற்பத்தியாளருக்கு சட்டத்துலயே அதுல விலக்கு இருக்கு, மேல சொன்ன கேள்விதான் அவருக்குச் சரி. அப்புறம் நேச்சுரல், ஃபார்ம் ஃப்ரெஷ், நாட்டு, கிராமத்து, ரெசிடியூ ஃப்ரீ இந்த வார்த்தை எதுவும் ஆர்கானிக்னு அர்த்தம் ஆகாது. ஹைட்ரோபோனிக்ஸ் கீரை இப்ப நிறைய வருது, சுத்தமா பளபளன்னு இருக்கும், ஆனா அது உரச்சத்து கரைச்ச தண்ணில வளர்றது, மண்ணே கிடையாது, நம்ம நாட்டுச் சான்றுல அதை ஆர்கானிக்னு ஏத்துக்கறதில்ல.

சரி, இப்ப எங்க போறது. உழவர் சந்தையே 1999 நவம்பர் 14ம் தேதி முதல்ல திறந்தது உங்க மதுரை அண்ணாநகர்லதான். அங்க அடையாள அட்டை வச்சிருக்கற விவசாயிதான் விக்க முடியும், இடைத்தரகர் கிடையாது. ஆனா உழவர் சந்தைன்னா ஆர்கானிக்னு அர்த்தம் இல்ல, முக்கால்வாசி பேர் மருந்தடிக்கறவங்கதான், இதை தெரிஞ்சுட்டே போங்க. அங்க உள்ள லாபம் என்னன்னா விளைவிச்ச ஆளே எதிர்ல உக்காந்திருக்கார், கேள்வி கேக்கலாம். விடியகாலைல போங்க, எட்டு மணிக்கு மேல கூட்டத்துல யாரும் பேச மாட்டாங்க. அண்ணாநகர், சொக்கிகுளம், பழங்காநத்தம் எது பக்கமோ அங்க கொஞ்ச நாள் விடாம போய் ரெண்டு மூணு பேரைப் பழகிக்கோங்க, உள்ள இருக்கற ஆபீஸ்லயும் இயற்கை விவசாயம் பண்றவங்க யாராவது கடை போடறாங்களான்னு கேளுங்க. பழகின பிறகு உங்களுக்குன்னு ஒரு பாத்தி மருந்தில்லாம விடச் சொன்னாக்கூட செய்வாங்க, நாலஞ்சு குடும்பம் சேந்து வாராவாரம் கண்டிப்பா வாங்கறோம்னு சொன்னா இன்னும் நல்லா செய்வாங்க. வாங்கறோம்னு சொல்லிட்டு ஒரு வாரம் வரலேன்னா அந்தக் காய் அவங்களுக்கு நட்டம், அதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க.

வாரச்சந்தையை விட்டுராதீங்க. உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி பக்கமெல்லாம் சந்தை ஓரத்துல சாக்கு விரிச்சு கூறு கட்டி விக்கற பாட்டிமார் இருப்பாங்க. பிரண்டை, தூதுவளை, முசுமுசுக்கை, சுண்டைக்காய், முருங்கைக்கீரை, வேலில படர்ந்த கோவக்காய், இதெல்லாம் பெரும்பாலும் யாரும் உரம் போட்டு மருந்தடிச்சு வளக்கறது இல்ல, தானா வர்றது. ஐப்பசி மழை பெஞ்சு கரிசக்காடு நனைஞ்சதும் அதலைக்காய் வரும், பாகக்காய் மாதிரி கசக்கும், சுண்டுவிரல் அளவுக்குக் கூட இருக்காது. கடைல அலமாரில வைக்கவே முடியாது, பறிச்சு ஒண்ணு ரெண்டு நாள்ல வெடிச்சு விதை சிதறிடும், அதனால மதுரை விருதுநகர் பக்கம் தவிர வெளில அதிகம் போகாது. காம்பைக் கிள்ளிட்டு முழுசா நல்லெண்ணெய்ல சின்ன வெங்காயத்தோட வதக்குங்க, நறுக்க வேண்டாம். மதுரைல இருந்துக்கிட்டு அதைச் சாப்பிடாம விடக்கூடாது. கீரை விஷயத்துல மட்டும் ஒரு கேள்வி கூட கேளுங்க, தண்ணி எங்கருந்துன்னு. ஊர் ஓரத்துல சாக்கடைத் தண்ணி பாயற இடத்துல வளர்ற கீரைக்கு மருந்து அடிக்கலேன்னாலும் அது வேண்டாம்.

எல்லாத்தையும் ஆர்கானிக்லயே வாங்கணும்னு நீங்க அலைய வேண்டாம், பட்ஜெட் தாங்காது. எதுல மருந்து அதிகம் விழுதோ அதுல மட்டும் காசைப் போடுங்க. கத்தரி, வெண்டை, மிளகாய், காலிஃபிளவர், கோஸ், கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா, திராட்சை இதெல்லாம் முதல் வரிசை. திராட்சைக்கு சாம்பல் நோய்க்கும் அடிச்சாம்பலுக்கும் திரும்பத் திரும்ப மருந்து போகும், கம்பம் பக்கத்து தோட்டக்காரங்களைக் கேட்டாலே சொல்லுவாங்க, நல்ல தோட்டம் தெரியாத வரைக்கும் பிள்ளைங்களுக்கு அதுக்குப் பதிலா கொய்யா, பப்பாளி, சிறுமலை வாழைப்பழம் குடுங்க. கறிவேப்பிலையை தினமும் போடறோம், அதுல தெளிப்பு அதிகம், தயவுசெஞ்சு தொட்டில ஒரு செடி வச்சிருங்க. சேனை, பரங்கி, சுரை, வாழைப்பூ, வாழைத்தண்டு, முருங்கை, பலாக்காய் இதுக்கெல்லாம் அதை விட மருந்து கம்மி, உழவர் சந்தைலயே சாதாரணமா வாங்கிக்கோங்க. புளித்தண்ணில, உப்புத்தண்ணில ஊறவச்சுக் கழுவினா மேல ஒட்டியிருக்கற மருந்துல ஒரு பங்கு போகும், அவ்வளவுதான், செடிக்குள்ள ஊடுருவற மருந்து கழுவிப் போகாது. மாம்பழ சீசன்ல கார்பைடு கல் வச்சுப் பழுக்க வைக்கறது சட்டப்படி தடை, எத்திலீன் வாயு அளவா விடலாம்னு அனுமதி இருக்கு. நீங்க காயா வாங்கி வைக்கோல்லயோ அரிசிப் பானைலயோ வச்சுப் பழுக்க வச்சுக்கறதுதான் நிம்மதி.

அரிசிக்கு வருவோம். பாரம்பரிய அரிசின்னா ஆர்கானிக்னு எல்லாரும் நினைச்சுக்கறாங்க. மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் மாதிரி ஆள் உயரத்துக்கு வளர்ற ரகங்களுக்கு யூரியாவை அள்ளிப் போட்டா பயிர் சாஞ்சுரும், அதனால அதுல உரம் இயல்பாவே கம்மியாத்தான் போகும், அது உண்மை. ஆனா கருப்பு கவுனிக்கும் சீரகச் சம்பாவுக்கும் விலை ஏறினப்புறம் மருந்தடிச்சுப் போடறவங்களும் வந்துட்டாங்க. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்துல 2006லருந்து, பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேத்த நெல் ஜெயராமன் நெல் திருவிழா நடத்தினார், 2 கிலோ விதைநெல் வாங்கிட்டுப் போறவங்க அடுத்த வருஷம் 4 கிலோவா திருப்பிக் குடுக்கணும், அப்படித்தான் 170க்கும் மேல ரகம் ஊர் ஊரா பரவுச்சு. அவர் 2018ல காலமாயிட்டார், திருவிழா நிக்கல. அந்த மாதிரி திருவிழாவுக்கும், உங்க மாவட்டத்துல நடக்கற விதைத் திருவிழாக்களுக்கும் ஒரு தடவை போயிட்டு வாங்க, நாலு விவசாயி நம்பர் கிடைச்சா வருஷத்து அரிசி மொத்தமா மூட்டையாவே வாங்கிக்கலாம், கடை விலையை விடக் கம்மியா வரும். தினமும் சாப்பிட தூயமல்லி, கிச்சிலிச் சம்பாலருந்து ஆரம்பிங்க, மாப்பிள்ளைச் சம்பா முரட்டு அரிசி, பிள்ளைங்க எடுத்த எடுப்புல ஒத்துக்க மாட்டாங்க, கஞ்சியா இட்லியா குடுத்துப் பழக்கணும். குதிரைவாலி, வரகு, சாமை உங்களுக்குப் பக்கத்துலயே இருக்கு, பேரையூர், டி.கல்லுப்பட்டி பக்கம் மானாவாரில போடறாங்க. மானாவாரி சிறுதானியத்துக்கு பெரும்பாலும் யாரும் மருந்து செலவு பண்றதில்ல, விளையறதே மழையை நம்பித்தான், அதனால போர்டு இல்லாத கடைல வாங்கினாலும் பரவால்ல.

எண்ணெய்ல மரச்செக்குங்கறது ஆட்டின விதம், விதை ஆர்கானிக்கான்னு அது சொல்லாது. விலையை வச்சு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. 1 லிட்டர் கடலெண்ணெய்க்கு ரெண்டேகால்லருந்து ரெண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு வேணும். அன்னிக்கு மார்க்கெட்ல அந்தப் பருப்பு விலையைக் கேட்டு ரெண்டேகாலால பெருக்குங்க, புண்ணாக்கு வித்த காசை கொஞ்சம் கழிச்சுக்கோங்க, அதுக்கும் கீழ யாராவது செக்கு எண்ணெய்னு வித்தா அது பெரும்பாலும் கலப்படமாத்தான் இருக்கும். முடிஞ்சா பருப்பை நீங்களே வாங்கிட்டுப் போய் கண்ணெதிர்ல ஆட்டி வாங்கிட்டு வந்துருங்க.

வெல்லம் எவ்வளவுக்கு எவ்வளவு மஞ்சளா பளிச்சுன்னு இருக்கோ அவ்வளவுக்கு ஹைட்ரோஸ்ங்கற ரசாயனம் போட்டு வெளுத்திருக்காங்கன்னு வச்சுக்கோங்க, பழுப்பா கருப்பா இருக்கறதை எடுங்க. நாட்டுச்சக்கரைக்கு ஈரோடு பக்கம் கவுந்தப்பாடி பேர் போனது, பழனி பஞ்சாமிர்தத்துக்கு அங்க ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துலருந்துதான் ஏலத்துல எடுக்கறாங்க. கருப்பட்டில சீனிப்பாகு கலக்கறது ரொம்ப அதிகம், உடன்குடி பக்கம் நேரடியா காய்ச்சறவங்ககிட்ட பதநீர் சீசன்லயே வருஷத்துக்குத் தேவையானதை வாங்கிருங்க. முட்டைல பழுப்பு நிறத்தைப் பாத்து நாட்டுக்கோழின்னு ஏமாறாதீங்க, பழுப்பு முட்டை போடறதுக்குன்னே பண்ணைல கலப்பினக் கோழி வளக்கறாங்க, நாட்டுக்கோழி முட்டை சின்னதா, பெரும்பாலும் வெளிர் நிறத்துலதான் இருக்கும்.

ஒண்ணு சொல்லணும், இப்படி வாங்கற அரிசி பருப்பு சிறுதானியத்துல வண்டு வரும். சாதாரண கிடங்குல வண்டுக்கு புகைமூட்ட மாத்திரை வைப்பாங்க, இங்க அதை வைக்கறதில்ல. வாங்கின புதுசுலயே நல்லாக் காய வைங்க, பருப்பு சிறுதானியத்தை வெயில்லயே போடலாம், அரிசியை மட்டும் நிழல்ல உலத்துங்க, வெயில்ல போட்டா வெடிச்சு நொறுங்கிடும். ஆறின பிறகு காஞ்ச வேப்பிலையோ வரமிளகாயோ துணில முடிஞ்ச வசம்புத் துண்டோ போட்டு காத்துப் புகாத டின்ல வைங்க. உமி மட்டும் எடுத்து தவிடு தீட்டாத சிறுதானியத்துல தவிட்டு எண்ணெய் இருக்கறதால ரெண்டு மாசத்துக்கு மேல காரல் வாடை அடிக்கும், அதனால அரிசி மாதிரி வருஷத்துக்கு வாங்கி வைக்காம அப்பப்ப கொஞ்சமா வாங்கிக்கோங்க.